மதத்தை வீட்டுக்குள் பூட்டச் சொல்பவர்களுக்கு

"மதம் அவரவர் சொந்த நம்பிக்கை. பூஜையறையோடு வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை." படித்தவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் மறுத்துப் பேச ஆள் இருப்பதில்லை. கோயிலுக்குப் போகிறவரும் தலையாட்டுவார், போகாதவரும் தலையாட்டுவார். நவீன சமூகத்தில் மதத்தின் இடம் எது என்ற பெரிய கேள்விக்கு இதுவே நாகரிகமான விடை என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

இப்படிச் சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதையும் அதன்பின் தெருக்களில் ஓடிய ரத்தத்தையும் கண்ட தலைமுறை, மதம் வெளியே வந்தாலே கலவரம் என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் அவர்கள் சொல்லும் தீர்வு தவறானது. மதம் இந்த மண்ணில் ஒருநாளும் உள்ளறை விஷயமாக இருந்ததில்லை. அப்படி ஆக்க முயன்றால் இழப்பு, மதத்தின் பேரால் ஏற்கெனவே வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான். இரண்டையும் விளக்க வேண்டியிருக்கிறது.

கல்மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன். வடசென்னையின் இந்த மூலையில் நவீனமும் மதமும் ஒன்றையொன்று விரட்டியதாக வரலாறு இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் வந்தது, ஆலைகள் வந்தன, கிடங்குகள் வந்தன. அதே காலத்தில், அதே தெருக்களில், கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பெருகின. மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கும் பார்சிகளின் தீக்கோயில் 1910இல் எழுந்தது. ரயில் ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே தீக்கோயில் அதுதான். பிற மதத்தவர் உள்ளே போக முடியாது. ஆனாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சமூகம், நாங்களும் இந்த ஊர்க்காரர்கள் என்று ஊரறியச் சொல்லும் வழியாக ஒரு கோயிலைத்தான் கட்டியது. வீட்டுக்குள் விளக்கேற்றி வணங்குவதோடு அவர்கள் நிறைவடையவில்லை.

படகோட்டிகளின் கதை இன்னும் அழுத்தமானது. செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலை தாண்டிக் கரைசேர்ந்தன. உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அந்தப் படகோட்டிகள், குருகுல வம்சத்தார், தங்கள் கூலியிலிருந்து மகமை பிடித்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயப்பர் (பேதுரு) தேவாலயத்தை எழுப்பினார்கள். மீனவரான அப்போஸ்தலருக்குக் கடல்தொழிலாளர் கட்டிய கோயில். கட்டியதோடு முடியவில்லை. சாவி யார் கையில் இருக்க வேண்டும், கணக்கை யார் பார்க்க வேண்டும் என்று திருச்சபை நிர்வாகத்தோடு அவர்கள் மல்லுக்கு நின்றார்கள், நீதிமன்றம் வரை போனார்கள்.

எழுதப் படிக்க வாய்ப்பில்லாத கூலிகள் வெள்ளைக்காரப் பாதிரிகளிடம் கணக்குக் கேட்கும் துணிவை எங்கிருந்து பெற்றார்கள்? சேர்ந்து பணம் போட்டதிலிருந்து, சேர்ந்து கட்டியதிலிருந்து. அவர்களிடம் போய், மதம் உங்கள் மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை மட்டுமே என்று சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது. மகமை, முறை, திருவிழா, கல்லறை, வழக்கு எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு மதம்.

மதம் உள்ளத்தின் விஷயம் என்ற கருத்து பிறந்த இடம் வேறு. அரசன் எந்தச் சபையோ குடிகளும் அந்தச் சபையே என்று ஐரோப்பா ஒன்றரை நூற்றாண்டு வெட்டி மடிந்த பிறகு, 1689இல் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் சகிப்புத்தன்மை பற்றிய தன் கடிதத்தை வெளியிட்டார். நம்பிக்கையை வாளால் புகுத்த முடியாது, ஆகவே அரசு அதில் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். அங்கே கொடுமை நம்பிக்கையின்மேல் நடந்தது. என்ன நம்புகிறாய் என்று கேட்டுத்தான் கட்டி எரித்தார்கள். அந்த நோய்க்கு அந்த மருந்து சரி.

இங்கே நடந்த கொடுமை வேறு வகை. நீ எதை நம்புகிறாய் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். எந்தத் தெருவில் நடக்கிறாய், எந்தக் குளத்தில் இறங்குகிறாய், எந்த வாசற்படியைத் தாண்டுகிறாய் என்பதுதான் சண்டை. தீண்டப்படாதவராகப் பிறந்த சிவபக்தர் நந்தனாரின் நம்பிக்கையை யாரும் தடுக்கவில்லை. அவர் காலைத்தான் தடுத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு, உன் மனத்துக்குள் நீ விரும்பியதை நம்பலாம் என்று சுதந்திரம் தருவது அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றையே திருப்பித் தருவதாகும். அவர் கேட்டது உள்ளே வர.

இதனால்தான் தமிழகத்தில் கோயில் வாசலைப் பூட்டிவைக்க விரும்பியவர்கள், இது எங்கள் சொந்த விஷயம் என்ற வாதத்தையே முதலில் கையில் எடுத்தார்கள். 1897இல் நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். கீழ்நீதிமன்றம், உயர்நீதிமன்றம், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்று எல்லாப் படியிலும் நாடார்கள் தோற்றார்கள். வழக்கம் இது, இந்தக் கோயிலில் உங்களுக்குப் பங்கில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அந்தத் தோல்வி பூஜையறையில் மாறவில்லை. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் ஐந்து தாழ்த்தப்பட்டோரையும் ஒரு நாடாரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். ராஜாஜி அரசு அதைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த போராட்டம் 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. மதத்தில் கைவைக்காதே என்ற கூச்சல் இரண்டின்போதும் எழுந்தது. அந்தக் கூச்சலுக்கு நாம் அன்று பணிந்திருந்தால்?

அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மத உரிமையைத் தரும் 25ஆம் பிரிவிலேயே, பொதுத்தன்மை உடைய இந்து சமய நிறுவனங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்று சேர்த்தார்கள். நம் மதச்சார்பின்மையின் சாவி அந்தப் 'பொதுத்தன்மை'யில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 2021 ஆகஸ்டில் பல சாதிகளைச் சேர்ந்த, அர்ச்சகர் பயிற்சி முடித்த 24 பேர் தமிழகக் கோயில்களில் பணியமர்த்தப்பட்டார்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் 1970இல் வந்து அரை நூற்றாண்டு கழித்து! மதம் தனிப்பட்டது என்ற கொள்கையை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் அந்த 24 பேரும் கருவறைக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள்.

கோயில்களை அரசிடமிருந்து விடுவியுங்கள் என்று இன்று ஓர் இயக்கம் நடக்கிறது. அறநிலையத் துறையில் ஊழல் உண்டு, அலட்சியம் உண்டு; அதற்கு எதிராகப் போராட வேண்டும். ஆனால் 1920களில் நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கோயில் சொத்து சில குடும்பங்களின் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதே அதற்கான நியாயமாக இருந்தது. பக்தர்களிடமே விட்டுவிடுங்கள் என்றால் எந்தப் பக்தர்கள்? பூஜையறையோடு நிறுத்தச் சொல்லும் முற்போக்காளரும், கோயிலை விடுவிக்கச் சொல்லும் மரபாளரும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைக்கிறோம். இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றே: மதத்தின் உள்விவகாரத்தில் ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை.

பெரியார் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டார். அவரைத் துணைக்கு அழைத்து, மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்று பேசுகிறவர்கள் அவர் செய்ததை மறந்துவிட்டார்கள். கேரளத்தின் வைக்கத்தில் அவர் நின்றது கோயிலைச் சுற்றிய தெருவுக்காக. 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்தது பொது இடத்தில். மதம் வீட்டுக்குள் முடங்கிய தனி நம்பிக்கை என்று அவர் கருதியிருந்தால் அரை நூற்றாண்டு மேடை ஏறிக் கத்தியிருக்க வேண்டியதில்லை. அவருடைய முடிவோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். மதம் ஊர் விவகாரம் என்பதில் அவருக்கு எள்ளளவும் குழப்பம் இருந்ததில்லை.

அம்பேத்கரும் அப்படியே. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். மதம் மனத்தளவில் மட்டும் நடப்பது என்றால் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து மனத்தை மாற்றிக்கொண்டிருக்கலாமே. அந்தப் பாதையில் அவருக்கு முன்னால் சென்னையில் நடந்தவர்கள் உண்டு. அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலை 1948இல் அம்பேத்கரே மறுபதிப்புக்குக் கொண்டுவந்தார். சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் அந்த பௌத்த வட்டத்தில் இயங்கியவர். 1923இல் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றியவரும் அவரேதான். சாதியை எதிர்க்க ஒரு மதத்தையும், முதலாளியை எதிர்க்க ஒரு கொடியையும் அவர் பொதுவெளியில் வைத்துத்தான் தேடினார்.

தொழிற்சங்கம் என்றதும் பெரம்பூரைச் சொல்லாமல் போக முடியாது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலைகளின் தொழிலாளர்களுக்காகப் பிறந்த அந்தச் சங்கத்துக்கு பி.பி. வாடியா தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அது எங்கே முளைத்தது என்பதைப் படித்ததில்லை. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்கள் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று நடத்திவந்தார்கள். சமயச் சொற்பொழிவு கேட்கும் சபை. ஆலைவேலை முடிந்து அங்கே வந்து உட்கார்ந்தவர்கள், சொற்பொழிவுக்கு இடையே தங்கள் துயரத்தைப் பேசினார்கள். சாப்பிடக் கூட நேரம் தராத இடைவேளை, அடி, வசவு. கேட்ட இருவரும் அன்னி பெசன்டின் அலுவலகத்துக்குப் போய் வாடியாவை அழைத்துவந்தார்கள். பகவானின் புகழ் கேட்கக் கூடிய கூட்டம் சங்கமாயிற்று. முதலாளி கண்காணிக்காத, போலீஸ் நுழையாத, சாமானியர் கூடி உட்காரத் தயங்காத இடம் அன்று வேறு எது இருந்தது?

அந்தச் சபையைப் புனிதமாக்கவில்லை நான். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளரும் மற்றவரும் எதிரெதிராகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சேர்ந்து சாமி கும்பிட்டது சாதியை வெல்லப் போதவில்லை. மதத்தின் பொதுவெளி தானாகவே நீதியாகிவிடும் என்று சொல்லவே மாட்டேன். அங்கே நீதி கேட்க முடியும், அவ்வளவே. வீட்டுக்குள் அதுவும் முடியாது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது எண்ணூர் வரை நீளும் மீனவக் குப்பங்கள். ஒவ்வொரு குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அது கூடும் இடம் பெரும்பாலும் அம்மன் கோயில் முன்புறம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பது அதே பஞ்சாயத்து. எந்த வலை கூடாது என்று தீர்மானிப்பதும், கடலுக்குப் போவதா நிறுத்துவதா என்று அறிவிப்பதும், விபத்தில் இறந்தவர் வீட்டுக்கு உதவுவதும் அதுவே. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றை அடைத்தபோதும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியபோதும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத்தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தபோதும், கூடிப் பேசவும் சேர்ந்து எதிர்க்கவும் இந்த ஊர்க்கட்டு இருந்தது. கோயில் வரி கட்டிப் பழகிய கைகள்தான் போராட்டத்துக்கும் பணம் சேர்க்கின்றன. சாமியை வீட்டுக்குள் அனுப்பிவிட்டால் அங்கே குலைவது பக்தி அன்று, ஊர்.

அந்த ஊர்க்கட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தலைக்கட்டு என்றால் ஆண். 2004 சுனாமி நிவாரணம் கடலோரத்தின் பல இடங்களில் தலைக்கட்டுக் கணக்குப்படி பிரிக்கப்பட்டபோது, கணவனை இழந்த பெண்களும் தனித்து வாழ்ந்தவர்களும் விடுபட்டார்கள். மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குப் பஞ்சாயத்தில் உட்கார இடமில்லை. பக்கத்தில் இருந்த தலித்துகளும் இருளர்களும் கணக்கிலேயே வரவில்லை. இந்த அநீதி வெளியே தெரிந்ததும் பேசப்பட்டதும் எதனால்? பஞ்சாயத்து செய்தது ஊருக்கு நடுவே செய்த காரியம் என்பதால். பெண்களும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளும் அதை எதிர்த்து முறையிட முடிந்தது. இதே பாகுபாடு ஒரு வீட்டின் பூஜையறையில், மாதவிலக்கின் பேரில், கைம்மையின் பேரில் நாள்தோறும் நடக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் எங்கள் வீட்டு வழக்கம் என்று கதவைச் சாத்திவிடலாம். எந்தச் சட்டமும் அங்கே நுழையாது.

சரி, கலவரத்துக்கு என்ன பதில் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1980களிலிருந்து சென்னையில் பெரிய பிள்ளையார் ஊர்வலங்கள் அரசியல் பலம் காட்டும் ஊர்வலங்களாக வளர்ந்ததை இந்த நகரம் பார்த்திருக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சிலைகள் கரையும் நாளில் போலீஸ் பந்தோபஸ்து எவ்வளவு என்று வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்ற அறிவுரையை யார் கேட்டு நடந்தார்கள்? அமைதியானவர்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்துபோன இந்துக்கள், அங்காளம்மன் மயானக் கொள்ளையைக் கூட்டத்தோடு நின்று பார்த்த கிறித்தவர்கள். இவர்கள் கூச்சப்பட்டு விலகிக்கொண்டார்கள். திருவிழாக் கமிட்டியிலிருந்து வாத்தியாரும் தொழிற்சங்கக்காரரும் போனார்கள். காலியான நாற்காலிகளில் பணமும் கட்சியும் உட்கார்ந்தன. வெறுப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒருநாளும் நம் அறிவுரைக்குக் காதுகொடுக்கப் போவதில்லை.

மதம் பொதுவானது என்றால் பொதுச் சட்டத்துக்கும் உட்பட்டது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி அம்மன் கோயிலுக்கும் பெந்தெகொஸ்தே சபைக்கும் பள்ளிவாசலுக்கும் ஒன்றே. ஊர்வலத்தின் பாதை, வசூலின் கணக்கு, கடலில் கரைக்கும் சாயம் எல்லாமே குடிமக்கள் கேட்கத் தகுந்தவை. எங்கள் நம்பிக்கை புண்படுகிறது என்ற ஒற்றை வார்த்தையால் இந்தக் கேள்விகளை அடைக்க முடிவது, மதத்தை மனத்தின் மென்மையான தனிச் சொத்தாக நாமே ஒப்புக்கொண்டதால்தான்.

படிப்பும் வருமானமும் கூடினால் மதம் தானாக வடிந்துவிடும், இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1968இல் இதைத்தான் சொன்னார். 21ஆம் நூற்றாண்டில் பக்தர்கள் சிறு குழுக்களாகச் சுருங்குவார்கள் என்றார். 1999இல் அவரே தொகுத்த நூலில் தன் கணிப்பு தவறென்று எழுதினார். மற்றொரு சமூகவியலாளரான ஹோசே காஸநோவா 1994இல் போலந்து, பிரேசில், ஸ்பெயின் நாடுகளைக் காட்டி, மதம் பொதுவாழ்வுக்குத் திரும்புவது எப்போதும் பிற்போக்காக இருக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். சர்வாதிகாரத்தை எதிர்த்த தொழிலாளருக்கு அங்கே தேவாலயம் கூடாரமாக இருந்தது. பெரம்பூர்க்காரர்களுக்கு இது 1918இலேயே தெரிந்த செய்தி.

தனியாகிப்போன மதம் நம் கண்முன் என்னவாகிறது என்பதையும் பார்க்கலாம். அது விற்பனைக்கு வருகிறது. கட்டணத்துக்கு ஏற்ற தரிசன வரிசை, கைபேசியில் அர்ச்சனை, மன அழுத்தம் குறைக்க வாரயிறுதி முகாம். வாங்குபவரை அது எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை; பக்கத்து வீட்டில் அடுப்பெரிகிறதா என்று கேட்பதில்லை. ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்து திருவொற்றியூருக்கு நடந்துபோய் வணங்கிய வள்ளலார், 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்தார். அவர் கண்டது உள்ளொளி என்றால், அது வெளியே வந்து சோறானது. சாதி, மதம் கேட்காமல் பரிமாறும் சோறு. உள்ளே மட்டும் இருந்திருந்தால் அவர் நூற்றுக்கணக்கான துறவிகளில் ஒருவராக மறைந்திருப்பார்.

ஆகவே என் கோரிக்கை பூஜையறைக்காரர்களின் கோரிக்கைக்கு நேர் எதிரானது. திரும்பி வாருங்கள். நம்பிக்கை இருந்தால் பக்தராக, இல்லையென்றால் ஊர்க்காரராக. ஆடி ஞாயிறுகளில் வடசென்னையில் கூழ் வார்க்காத அம்மன் கோயில் இல்லை. விடியலில் எழுந்து கேழ்வரகைக் கரைத்துக் காய்ச்சுவது பெண்கள். அழைப்பிதழில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று அச்சாவது ஆண்களின் பெயர். தேவாலயப் பேரவையிலும் பள்ளிவாசல் ஜமாத்திலும் நிலைமை பெரிதாக மாறுபட்டதில்லை. முதல் கும்பம் யார் கைக்குப் போகிறது, தெருவைக் கூட்டிய தூய்மைப் பணியாளர் வரிசையில் எங்கே நிற்கிறார், வசூலான பணத்தின் கணக்கு எந்தச் சுவரில் ஒட்டப்படுகிறது என்பவை கல்மண்டபத்தில் இந்த ஆண்டே கேட்கக்கூடிய கேள்விகள். கமிட்டி கூடும் நாள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெண்களின் பெயரைப் பொறுப்பாளர் பட்டியலில் சேர்க்கும் தீர்மானத்தோடு, குறைந்தது பத்துப் பேராவது அங்கே போய் உட்கார வேண்டும்.